மாமியார் மறுப்பு

"யாரும்மா வேணாம்னது?"

சுகாதாரச் செவிலியர் ஃபோனில் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று ஒரே நொடியில் பதில் சொல்லிவிட்டேன். சொன்னது பொய். சரியான பதில் எது என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை. வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனாலும் மகளுக்கு ஊசி போடாமலேயே வாரங்கள் போயின.

அவளுக்கு இப்போது பதினைந்து மாதம். தீபாவளி முடிந்து வரும் புதன்கிழமை அடுத்த ஊசி. அவள் அண்ணனுக்கு ஜன்னி வந்தது இதே பதினாறாம் மாத ஊசிக்கு மறுநாள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எதைப் பற்றி எழுத ஆரம்பித்தாலும் மனது அந்தப் புதன்கிழமையில் போய் நின்றுகொள்கிறது.

நாங்கள் இருப்பது செல்லூரில், தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு சந்தில். கீழே முன்னறையில் என் மாமியாரின் தையல் மிஷின். ஜாக்கெட் தைக்கிறார். மாடியில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள். கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, வாரத்தில் பாதி நாள் திண்டுக்கல், தேனி என்று போய்விடுவார். பிள்ளைகள் விஷயத்தில் என்ன கேட்டாலும், "நீ சொல்றதுதான். நீதான படிச்சவ" என்பார். அவர் அதை மரியாதையாகத்தான் சொல்கிறார். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை கனக்கும்.

படித்தவள்தான். விலங்கியலில் முதுகலை, பிறகு பி.எட். மகள் பிறக்கும்வரை ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அட்மிஷன் நாட்களில் மேசை போட்டு உட்கார்ந்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை மூன்றுக்கும் ஜெராக்ஸ் வாங்கி வைப்பது என் பொறுப்பு. ஒருமுறை ஓர் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கார்டு எங்க வச்சேன்னு தெரியல மிஸ். எல்லா ஊசியும் போட்டாச்சு."

"கார்டு இருந்தாத்தான் ஃபார்ம் தர முடியும்."

"சத்தியமாப் போட்டாச்சு மிஸ்."

'கட்டாயம்' என்று அச்சடித்திருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்தாளா என்று ஞாபகம் இல்லை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறேன் என்ற நிம்மதி அப்போது எனக்கு இருந்தது.

மகனுக்கு ஜன்னி வந்தது மதியம் மூன்று மணிக்கு. முந்தின நாள் ஊசி. காலையிலிருந்தே உடம்பு சுட்டது. மருந்து கொடுத்திருந்தேன். ரசம் சாதத்தைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது வாயில் வைத்த சோறு வெளியே வழிந்தது. துப்புகிறான் என்று நினைத்து அதட்டினேன். பார்த்தால் கண் மேலே சொருகியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அத்தைதான் அவனை மடியில் வாங்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ ஓடிவந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இரண்டு நிமிடம் இருக்கும். ஆட்டோவில் ஏறியபோது அவன் அழ ஆரம்பித்துவிட்டான். பிள்ளை அழுததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒருநாள்தான்.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "இது காய்ச்சல் ஜன்னிம்மா. சின்னப் பிள்ளைகள்ல சிலருக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் இப்படி வரும். மூளைக்கு ஒண்ணும் ஆகாது. இதுக்காக அடுத்த ஊசிய நிறுத்திராதீங்க." அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். மகன் இப்போது யுகேஜி படிக்கிறான், வாய் ஓயாமல் பேசுகிறான். இருந்தாலும் அன்றிலிருந்து சோறு ஊட்டும்போது பிள்ளைகளின் கண்ணைத்தான் பார்க்கிறேன்.

மகளுக்கு முதல் மூன்று தவணையும் போட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் தெர்மாமீட்டரைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாம் மாதம் மணல்வாரி ஊசி. தட்டம்மையை எங்கள் பக்கம் மணல்வாரி என்போம். அது நெருங்க நெருங்க எனக்குத் தெம்பே இல்லாமல் போனது. பயம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நாள் இன்னொரு முறை காவல் இருக்க வேண்டுமே என்ற அலுப்பு.

அந்த நேரம் பார்த்து மகன் வகுப்பு அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பிள்ளைகளுக்கு இத்தனை ஊசி எதற்கு என்று முகம் தெரியாத ஒருவர் மூச்சு விடாமல் பேசினார். கீழே ஒருத்தி, "கவர்மென்ட் ஓசில குடுக்குதுன்னா யோசிங்க சிஸ்டர்ஸ்" என்று எழுதினாள். இன்னொருத்தி, "ஓசி பஸ்ல மட்டும் யோசிக்காம ஏறுறோமே சிஸ்டர்" என்றாள். நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். பிறகு மாடியில் துணி காயப்போட்டபடி, இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். தப்பு என்று தெரிந்த இடங்களில்கூட நிறுத்தவில்லை.

எங்கள் பக்கம் குழந்தைகளுக்கு ஊசி என்றால் புதன்கிழமை. பங்குனியில் ஒரு புதனைத் தவறவிட்டேன். அடுத்த புதன் செவிலியரே கூப்பிட்டார்.

"பாப்பாவுக்கு ஒம்பது மாசம் முடிஞ்சிருச்சே, ஏம்மா வரல?"

அந்த வாரம் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தது. பால்குடம் எடுக்க அத்தை கையில் மஞ்சள் கயிறு கட்டி விரதம் இருந்தார். காப்புக் கட்டிய வீட்டில் கறி சமைக்க மாட்டோம், வெளியூர் போய்த் தங்க மாட்டோம். ஊசி போடக் கூடாது என்று ஒரு வழக்கம் கிடையாது. ஆனால் என் வாயில் வந்தது அதுதான்.

"வீட்டுல காப்புக் கட்டிருக்கு மேடம், அதான்..."

"காப்புக் கட்டுனா என்ன? யாரும்மா வேணாம்னது?"

"அத்தை."

"அதான பாத்தேன்" என்றார். "படிச்ச பிள்ள, நீ எடுத்துச் சொல்லக் கூடாதா?"

அவர் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். மணல்வாரியே அம்மன் பேரால் வருகிற நோய், கோவில் காப்பும் அம்மனுக்கு, வீட்டில் ஒரு மாமியார். யாரும் சந்தேகப்பட முடியாதபடி எல்லாம் பொருந்திவிட்டது. ஃபோனை வைத்ததும் வெட்கம் வரவில்லை. ஒரு வாரம் கிடைத்தது என்றுதான் இருந்தது.

திருவிழா முடிந்தது, காப்பை அவிழ்த்தார்கள். அடுத்த புதன் மகளுக்குச் சளி என்றேன். அது பாதி உண்மை. அதற்கடுத்து வந்த அழைப்பை எடுக்கவில்லை. இப்படியே சித்திரையும் முக்கால்வாசி போய்விட்டது. ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குச் செவிலியர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார். தோளில் பை, கக்கத்தில் நீளமான நோட்டு, முகமெல்லாம் வேர்வை. அத்தை மிஷினில் உட்கார்ந்திருந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தேன்.

"யம்மா, நீங்கதான மாமியாரு?"

"ஆமாத்தா. அளவு ஜாக்கெட் கொண்டாந்தியா?"

"ஜாக்கெட் இல்லம்மா. பேத்திக்கு ஊசி. காப்புக் கட்டிருக்கு, போடக் கூடாதுன்னு சொன்னீங்களாமே?"

அத்தை உள்ளங்கையால் சக்கரத்தை அழுத்தி மிஷினை நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். எனக்குப் படி இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை.

"ஆமா" என்றார் அத்தை. "நாந்தே சொன்னேன்."

"ஏம்மா, நீங்க கட்டுறதும் காப்பு, நாங்க போடுறதும் காப்புத்தான? பிள்ளைக்கு நோவு வரட்டும்னா அம்மன் நெனைக்கும்?"

"அது சரி. எனக்கு அம்புட்டுத் தெரியுமா தாயி? நாலாப்போட நின்னவ."

"இனிமே தடுக்காதீங்க. அடுத்த புதன் நீங்களே கூட்டிட்டு வாங்க."

"வாரேன் வாரேன்."

"நெசமாவா மதினி? நீங்க இப்பிடிச் சொல்லுவீங்கன்னு நெனைக்கவே இல்ல" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"வயசாகுதுல்ல" என்றார் அத்தை.

செவிலியர் நோட்டில் ஏதோ எழுதினார். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். "இன்னும் பதினாலு வீடு" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் சந்து திரும்பும்வரை அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நர்சம்மாவப் பட்டிமன்றத்துல பேச விடலாம்" என்றார். ஊசியில் நூல் கோர்த்தார். "எம்பேரச் சொன்னது சொன்ன. மொதல்லயே ஒரு வார்த்த சொல்லிருந்தா இன்னுங் கொஞ்சம் நல்லா நடிச்சிருப்பேன்ல?"

"மன்னிச்சிருங்கத்தை."

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லேன். சாமியவும் என்னையவும் எதுக்கு இழுக்குற?" மிஷினை ஓட்டத் தொடங்கினார். அந்தச் சத்தத்துக்கு நடுவே, "எனக்குந்தே பயம். எம்மடியிலதான கெடந்தான் அன்னைக்கு. ஆனா நா வேணாம்னு சொன்னேனா?" என்றார்.

கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு நிலையில் வேப்பிலை சொருகியிருந்தது. அக்காவின் மகளுக்கு மூன்று வயது. வெள்ளி சாயங்காலம் என் மகள் அந்த வீட்டில்தான் தவழ்ந்து விளையாடினாள். அதே டம்ளரை இருவரும் வாயில் வைத்திருப்பார்கள்.

"அம்மா வந்திருக்கு" என்றாள் அக்கா. "மணல்வாரி."

"ஊசி போட்டிருந்துச்சாக்கா?"

"ஒண்ணுகூட இல்ல போலருக்கு. அப்ப இவங்கப்பா திருப்பூர்ல வேல, நானும் அங்கிட்டு இங்கிட்டு அலைஞ்சேன். விட்டுப்போச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் யார் மேலும் பழி போடவில்லை. நான் ஒரு குரல் பதிவை மூன்று முறை கேட்டு, ஒரு பொய் சொல்லி, ஐந்தாறு புதன்கிழமைகளைத் தள்ளி வந்து நின்ற இடத்துக்கு அவள் விட்டுப்போச்சு என்ற ஒரே வார்த்தையில் வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரி மணல்வாரி ஊசி இல்லாத பிள்ளைகள்.

செவிலியருக்கு நானே ஃபோன் போட்டேன். இந்த முறை அவர் திட்டவில்லை. "புதன் வரைக்கும் வேணாம், நாளைக்கே வாங்க. தொத்திருந்தாலும் மூணு நாளுக்குள்ள போட்டா தப்பலாம், தப்பாமலும் போகலாம், ஆனாலும் போட்டுருவோம். உங்க தெருவுல விட்டுப்போன பிள்ளைக நாலு பேரச் சேத்துக் கூட்டிட்டு வாங்கம்மா. ஒரு குப்பியத் தெறந்தா நாலு மணி நேரத்துல காலி பண்ணணும்."

அப்படித்தான், மகளை மறைத்து வைத்திருந்த நான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். இரண்டு வீட்டில் உடனே சரி என்றார்கள். மூன்றாவது வீட்டில் பிள்ளையின் அப்பா தறிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கட்டாயமா?" என்று கேட்டார். "கொரோனா சமயத்துல ஊசி போட்டாத்தே கடைக்குள்ள விடுவோம்னானுக, போட்டேன். கட்டாயம்னா சொல்லுங்க, வாரோம். இல்லேன்னா நல்லா இருக்குற பிள்ளைய எதுக்கு அழ விடணும்?"

சட்டப்படி கட்டாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் போட வேண்டும் என்று நின்று விளக்கியிருக்கலாம், அதற்கான படிப்பும் இருக்கிறது. எனக்கு அசதியாக இருந்தது.

"கட்டாயந்தாண்ணே" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது. உள்ளே திரும்பி, "கெளம்பச் சொல்லு" என்றார். முடிவு எடுக்கும் வேலை அவரை விட்டுப் போய்விட்டது. எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. என்னிடமும் யாராவது வந்து அப்படி ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகளை அத்தை வைத்திருந்தார். நான் கேட்காமலேயே வாங்கிக்கொண்டார். செவிலியர் அவரைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னம்மா, சாமி உத்தரவு குடுத்துருச்சா?"

"குடுத்துருச்சுத்தா. கவர்மென்ட் சீலு வச்சே குடுத்துருச்சு."

பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி, "எங்க வீட்டுலயும் இப்பிடித்தே ஒண்ணு இருக்கு" என்றாள். அத்தையும் சிரித்தார். நான் அப்போது சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்றது நான்தான் என்ற ஒரு வரி போதும். நோட்டில் மகள் பெயருக்கு நேராக, வராததற்குக் காரணம் என்ற கட்டத்தில், 'மாமியார் மறுப்பு' என்று எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செவிலியர் பக்கத்துக் கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டார். காரணம் அப்படியே இருந்தது.

ஒன்பதாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் லேசாகச் சிவந்த புள்ளிகள். மருத்துவர் பார்த்துவிட்டு, ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து இப்படி வருவதுண்டு, எதிர்வீட்டிலிருந்து தொற்றிய மணல்வாரியும் லேசாக வந்திருக்கலாம், எதுவானாலும் இவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்றார். நான் பகல் முழுக்க அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை ஜாக்கெட் தைக்காமல் ஈரத்துணி பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் மதியம் காய்ச்சல் இறங்கியது. ஜன்னி வரவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை நெஞ்சில் சளி கட்டி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கழுத்தெலும்பு தெரிய வீட்டுக்கு வந்தாள். இப்போது தேறிவிட்டாள்.

பிழைத்தோம் என்று ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். அட்டையை எடுத்துப் பார்த்தபோதுதான் அடுத்த கட்டத்தில் பதினாறாம் மாதம் என்று இருந்தது.

இந்த முறை யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனுக்கு ஜன்னி வந்தது தங்கைக்கு ஊசியை நிறுத்தக் காரணம் ஆகாது, காய்ச்சல் வந்தால் கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தனியாரில் காய்ச்சல் குறைவாக வரும் ஊசி ஒன்று இருக்கிறதாம். இரண்டுமே காக்கும், உங்கள் விருப்பம் என்றார். விருப்பம் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. தனியாரில் போட்டால், நான் கதவு தட்டிக் கூட்டிப் போன அந்த வீடுகளில் கேட்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஓசி ஊசியா என்று. அந்தத் தறிக்கார அண்ணன் இனி எதற்கும் வரமாட்டார். சுகாதார நிலையத்தில் போட்டு இவளுக்கும் கண் சொருகினால், தெருவுக்காகப் பிள்ளையைப் பணயம் வைத்தேன் என்று காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன். கணவரிடம் கேட்டேன். "நீ சொல்றதுதான்" என்றார்.

போன வாரம் துணிக்குக் காஜா எடுத்துக்கொண்டே அத்தை கேட்டார்.

"இந்தத் தடவ யாரு பேரச் சொல்லப்போற? எம்பேரு தேஞ்சு போச்சுத்தா."

சிரித்தேன். இரண்டு நாள் கழித்து அவர் கடைக்குப் போயிருந்தபோது செவிலியர் எண்ணை எடுத்து, நோட்டில் இருக்கும் காரணத்தைத் திருத்தச் சொல்ல நினைத்து, அழைக்காமல் வைத்துவிட்டேன். திருத்தச் சொன்னால் அந்த இடத்தில் என்ன எழுதச் சொல்வது? தாய் மறுப்பு என்றா? நான் மறுக்கவும் இல்லையே.

இதை வாசிக்கும் அம்மாக்களில், அப்பாக்களிலும், மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் ஜன்னி வந்த பிறகு இளையதுக்கு இதே பதினாறாம் மாத ஊசியைப் போட்டவர்கள் இருப்பீர்கள். அறிவியல் எனக்குத் தெரியும், அதை விளக்க வேண்டாம். எங்கே போட்டீர்கள், எப்படி அந்த முடிவுக்கு வந்தீர்கள், ஊசிக்கு மறுநாளை எப்படிக் கழித்தீர்கள், யார் உங்கள் கூட இருந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் செய்யாத ஒன்றுக்காக உங்கள் மருமகள் ஊர் முன்னால் உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால், அவள் என்ன செய்தால் உங்கள் மனது ஆறும் என்பதை மாமியார்கள் யாராவது சொல்லுங்கள். தீபாவளிக்கு முன்னால் கிடைத்தால் உதவியாக இருக்கும்.